ஐந்து புட்டிகள், ஒரே வாய்பாடு: நிறமாலையை மாணவரே கண்டறியும் ஆய்வகத்தில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இளநிலைக் கரிம வேதியியல் ஆய்வகத்தில் நிறமாலையியலைக் கற்பிக்க உதவும் சோதனைகளுள் நான் முதலிடம் கொடுப்பது, ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட ஐந்து சேர்மங்களை எண் மட்டும் ஒட்டிய புட்டிகளில் அடைத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கும் சோதனையாகும். மெத்தில் பென்சோயேட், ஃபீனைல் அசிட்டேட், அனிசால்டிஹைடு, ஃபீனைல் அசிட்டிக் அமிலம், பாரா-டொலுயிக் அமிலம் ஆகிய ஐந்திலும் எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு நிறை ஐந்துக்கும் 136. நிறைவுறாமை எண் (வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்த எண்ணிக்கை) ஐந்துக்கும் 5. முதல் மூன்றும் திரவங்கள், மற்ற இரண்டும் திண்மங்கள். வாய்பாட்டை மட்டும் சொல்லிவிட்டு, பட்டைகளின் (ஒளி உட்கவரப்படும் இடங்களின்) அட்டவணை எதையும் கையில் கொடுக்காமல், ஒவ்வொரு குழுவும் தான் பெற்ற எண்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்ல வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் ஒரு புட்டியின் கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டை 1765 செ.மீ.⁻¹ அலை எண் அருகிலும், இன்னொன்றினுடையது 1725 அருகிலும், மற்றொன்றினுடையது 1690 அருகிலும் நிற்பதைப் பார்த்து, அதற்கான காரணத்தை மாணவர்கள் தாங்களே எட்டுவதுதான் இந்தச் சோதனையின் நோக்கம்.

இத்தகைய வகுப்பு தடைபட்டு நிற்கும் இடங்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கின்றன. அங்கே ஆசிரியர் விடையைச் சொல்லிவிட்டால் சோதனை வழக்கமான சரிபார்ப்பாகச் சுருங்கிவிடும். எதுவும் சொல்லாமல் விலகி நின்றால் மாணவர்கள் ஈரப்பதத்தின் பட்டையை நம்பிக்கொண்டு இல்லாத மூலக்கூறுகளை வரைந்துகொண்டிருப்பார்கள். ஆகவே, சிக்கிக்கொண்ட குழுவுக்கு ஆசிரியர் தரும் குறிப்பு, அவர்கள் கையால் செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனையாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மாதிரியையும் கருவியையும் ஐயமறச் சோதித்த பின்னரே, நிறமாலையை வாசித்ததில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வரும் அறிகுறிகளை அந்த வரிசையை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

எல்லாக் குழுக்களும் ஹைட்ராக்சில் தொகுதியைக் கண்டுபிடிக்கின்றன

மெத்தில் பென்சோயேட் வைத்திருக்கும் குழு, "மேடம், 3430-இல் பெரிய பட்டை இருக்கிறது, இது ஆல்கஹால்தான்" என்று வந்து நிற்கும். அந்த மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதியே (ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் இணைந்த தொகுதி) கிடையாது. நம் கல்லூரிகள் பலவற்றில் திரவ மாதிரியையும், பொட்டாசியம் புரோமைடு வில்லை ஒன்றை அழுத்தி அதன்மேல் ஒரு துளி வைத்தே பதிவு செய்கிறார்கள். பொட்டாசியம் புரோமைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடற்கரை ஊர்களின் ஆய்வகங்களில், மூடியைத் திறந்து வைத்துவிட்டு அகேட் கல்வத்தில் பொறுமையாக அரைத்துக்கொண்டிருந்தாலே போதும், பொடி கல்வத்தின் ஓரத்தில் கட்டியாக ஒட்டத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அழுத்தி எடுத்த வில்லையும் தெளிவாக இல்லாமல் பால் படிந்ததுபோல் இருக்கும்.

குழுவிடம் அது நீரின் பட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. துளி வைக்காத வெறும் வில்லை ஒன்றைப் பதிவு செய்து, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். 3430 அருகே உள்ள அகன்ற பட்டையும் 1635 அருகே உள்ள சிறிய பட்டையும் இணைபிரியாமல் வெறும் வில்லையிலும் வருவதை அவர்களே காண்பார்கள். இந்த இரண்டாவது பட்டையை அவர்கள் கவனிப்பது முக்கியம், ஏனெனில் அடுத்த வாரம் அதே பட்டையைக் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு என்று எழுதக்கூடியவர்களும் அவர்களே. அதன்பின் பொட்டாசியம் புரோமைடை 110 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து, அகச்சிவப்பு விளக்கின் கீழ் விரைவாக அரைத்து மீண்டும் பதிவு செய்யலாம்.

திண்மங்களான இரண்டு அமிலங்களின் குழுக்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். அவற்றின் ஹைட்ராக்சில் பட்டை 3300-இலிருந்து 2500 வரை பரந்து, கார்பன்-ஹைட்ரஜன் பட்டைகளையும் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு கிடப்பதால், அதை அடிக்கோட்டின் கோளாறு என்று எண்ணி ஒதுக்கிவிடுவார்கள். இந்தக் குழுக்களையும் மெத்தில் பென்சோயேட் குழுவையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் படங்களை ஒப்பிடச் சொன்னால், நீரின் பட்டைக்கும் இருமூலக்கூறாகப் பிணைந்த அமிலத்தின் பட்டைக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் பேச்சிலேயே வெளிப்படும்.

கார்பனைல் பட்டை அடியில் தட்டையாக இருக்கிறது, அல்லது அடிக்கோடு சாய்ந்திருக்கிறது

பட்டையின் நுனி தட்டையாக இருந்தால் மாதிரி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். அத்தகைய பட்டையின் அலை எண்ணைக் கரும்பலகையில் எழுதவிடக் கூடாது. 150 முதல் 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் திண்மம் போதும். அதிக அலை எண் பக்கம் அடிக்கோடு தாழ்ந்து கிடந்தால் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. இன்னும் நன்றாக அரைக்க வேண்டும்.

2350 அருகே யாரும் எதிர்பாராத பட்டை

நைட்ரைல் என்றும் ஆல்கைன் என்றும் எழுதுவார்கள். வாய்பாட்டில் நைட்ரஜன் உண்டா என்று பார்க்கச் சொன்னாலே பாதி ஐயம் தீரும். மீதியைத் தீர்க்க, மாதிரி வைக்காமல் பின்னணியை மட்டும் ஒருமுறை பதிவு செய்து, மூடியைத் திறந்து ஒரு மாணவர் அருகில் நின்று மூச்சுவிட, மறுபடியும் பதிவு செய்யட்டும். காற்றின் கார்பன் டைஆக்சைடு 2350 அருகே எழுவதையும், கூடவே 1400 முதல் 1900 வரை நீராவியின் கூரிய கோடுகள் முளைப்பதையும் நேரில் பார்த்தவர்கள் அந்தப் பட்டையை மறக்க மாட்டார்கள். பட்டை தலைகீழாக வந்தால், பின்னணியைப் பதிந்தபோது காற்றில் கார்பன் டைஆக்சைடு கூடுதலாக இருந்தது என்று கொள்ள வேண்டும்.

கரும்பலகை அட்டவணையில் ஒழுங்கு தெரியவில்லை

இந்தச் சோதனையின் உயிர்நாடியே இந்த அட்டவணைதான், ஆகவே இங்கே நேரம் செலவிட வேண்டும். ஃபீனைல் அசிட்டேட்டில் எஸ்டர் ஆக்சிஜனின் தனி இணை எலக்ட்ரான்களை வளையம் தன் பக்கம் இழுப்பதால் கார்பனைல் பிணைப்பு வலுப்பெற்று 1765 அருகே அதிர்கிறது; மெத்தில் பென்சோயேட்டில் கார்பனைல் நேரடியாக வளையத்தோடு இணைவதால் பிணைப்பு தளர்ந்து 1725 அருகே இறங்குகிறது; அனிசால்டிஹைடில் எதிர்முனை மெத்தாக்சி தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுவதால் இன்னும் இறங்கி 1690 அருகே வருகிறது. அமிலங்களுள் ஃபீனைல் அசிட்டிக் அமிலத்துக்கு 1700 அருகிலும், வளையத்தோடு இணைந்த டொலுயிக் அமிலத்துக்கு 1680 அருகிலும் பட்டை அமையும். இந்தப் படிக்கட்டு தெளிவாகத் தெரிந்தால்தான் மாணவர்கள் விதியைக் கேட்பார்கள்.

அது தெரியாமல் போவதற்கு வழக்கமான காரணம், ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு முறையில் பதிவு செய்திருப்பதுதான். ஒரு குழு ஏடிஆர் (படிகத்தின் பரப்பில் ஒளி எதிரொளிக்கும்போது அளவிடும் முறை) படிகத்தில் நேரடியாக வைத்திருக்கும், இன்னொரு குழு வில்லையில் வைத்திருக்கும், மற்றொன்று கரைசலில் எடுத்திருக்கும். ஏடிஆர் முறையில் வலுவான பட்டைகள் சற்றே குறைந்த அலை எண்ணுக்கு நகர்கின்றன; கரைசலில் அமிலத்தின் இருமூலக்கூறு பிணைப்பு ஓரளவு கலைந்தால் அதன் பட்டையும் நகர்கிறது. பத்துப் பதினைந்து அலகு இங்கும் அங்குமாக நகர்ந்தாலே 1680-க்கும் 1700-க்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகும். ஆகவே மூன்று திரவங்களும் ஒரே முறையிலும் இரண்டு திண்மங்களும் ஒரே முறையிலும் பதிவாக வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் பாலிஸ்டைரீன் படலத்தை வைத்து அதன் 1601 பட்டை சரியான இடத்தில் இருக்கிறதா என்று மாணவர் ஒருவரே பார்த்து, அந்த எண்ணை அட்டவணையின் தலைப்பில் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

ஆல்டிஹைடு புட்டி அமிலம்போல் நடந்துகொள்கிறது

அனிசால்டிஹைடு எடுத்த குழு, 2740 அருகே ஆல்டிஹைடுக்குரிய சிறு பட்டையையும் கண்டு, அமிலத்துக்குரிய அகன்ற பட்டையையும் கண்டு, என்ன எழுதுவது என்று திகைத்து நிற்கும். புட்டியின் கழுத்தையும் மூடியின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள்: வெள்ளைப் படிகங்கள் ஒட்டியிருந்தால், காற்றின் ஆக்சிஜனால் ஆல்டிஹைடு அனிசிக் அமிலமாக மாறத் தொடங்கிவிட்டது. இதைக் கெட்டுப்போன புட்டி என்று ஒதுக்கிவிடாமல் பாடமாக்கிக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. ஒரு துளியைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் விட்டு நுரைக்கிறதா என்று குழுவே பார்க்கட்டும். பிறகு மாதிரியை ஈதரில் கரைத்து, பைகார்பனேட் கரைசலால் கழுவி, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, ஈதரை நீக்கிவிட்டு மறுபடியும் நிறமாலை எடுத்தால், அகன்ற பட்டை நீங்கி 2740 பட்டை எஞ்சி நிற்கும். என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) படத்திலும், பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில், 9.88-இல் ஆல்டிஹைடு புரோட்டானும் 7.84, 7.00 ஆகிய இடங்களில் வளையப் புரோட்டான்களும் நிலைத்து, 8.06-இல் இருந்த அமிலத்தின் சிறு டப்ளெட் (இரட்டைக் கோடு) மறைந்துவிடும். ஈதரைக் கையாளும் வேலை முழுவதும் புகைக்கூண்டிலேயே நடக்க வேண்டும், அருகில் எந்தச் சுடரும் இருக்கலாகாது.

ஃபீனைல் அசிட்டேட் ஈரம் புகுந்து நீராற்பகுப்பு அடைந்திருந்தாலும் இதே குழப்பம் நேரும். ஃபெரிக் குளோரைடு கரைசல் ஊதா நிறம் காட்டினால் ஃபீனால் உண்டாகியிருக்கிறது.

என்எம்ஆர் படத்தில் உரிமையாளர் இல்லாத முகடுகள்

டியூட்டரோகுளோரோஃபார்மில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள குளோரோஃபார்ம், என்எம்ஆர் கரைப்பான்) 1.56-இல் நீர், 2.17-இல் அசிட்டோன், 5.30-இல் டைகுளோரோமீத்தேன், 7.26-இல் கரைப்பானின் எஞ்சிய புரோட்டான், 0.07-இல் சிலிக்கோன் கிரீஸ் ஆகியவை அடிக்கடி வரும் விருந்தாளிகள். எத்தில் அசிட்டேட் வந்தால் 1.26, 2.05, 4.12 ஆகிய மூன்று இடங்களிலும் சேர்ந்தே வரும். குழாயை அசிட்டோனால் கழுவி அவசரமாக உலர்த்தியதே பெரும்பாலும் காரணம். இந்த எண்களை மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுப்பதைவிட, வெறும் கரைப்பானையும், அதில் ஒரு துளி அசிட்டோன் சேர்த்ததையும், ஒரு துளி எத்தில் அசிட்டேட் சேர்த்ததையும் பருவத்தின் தொடக்கத்திலேயே பதிவு செய்து, ஆய்வகச் சுவரில் அவர்களே ஒட்டி வைப்பது மேல். ஃபீனைல் அசிட்டேட்டின் மெத்தில் முகடு 2.29-இல் இருக்கும்போது, 2.17 முகட்டை இன்னொரு மெத்தில் தொகுதி என்று எழுதிய குழுவைச் சுவரைப் பார்க்க அனுப்பினால் போதும்.

தொகையீடு முழு எண்ணாக வரவில்லை

முகடுகளின் பரப்பு புரோட்டான்களின் எண்ணிக்கையைச் சொல்லும் என்பதை மாணவர் மனப்பாடமாக ஏற்பதற்கு முன், எத்தனாலின் நிறமாலையை எடுத்துப் பார்ப்பது பயனுடையது. 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டும், இந்தியரான தர்மட்டியும், பக்கார்டும் சேர்ந்து எத்தனாலில் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தில் மூன்று தனி முகடுகளைக் காட்டினார்கள். ஒரே மூலக்கூறின் புரோட்டான்கள் தம் சூழலுக்கேற்ப வெவ்வேறு இடங்களில் தோன்றும் என்பதை அந்தப் படமே வேதியியலாருக்கு உணர்த்தியது. தர்மட்டி பின்னாளில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் என்எம்ஆர் ஆய்வுக்கு அடித்தளமிட்டவர். அந்தக் கண்டுபிடிப்பை மாணவர்கள் தம் கையால் மறுபடி செய்து பார்க்க ஒரு துளி எத்தனாலே போதுமானது.

ஐந்து புட்டிகளில் ஃபீனைல் அசிட்டிக் அமிலக் குழுவுக்கு இந்தச் சிக்கல் உறுதியாக வரும். 3.64-இல் உள்ள இரண்டு புரோட்டான்களை அளவுகோலாகக் கொண்டால் வளையப் பகுதி ஐந்துக்குப் பதில் ஐந்தரைக்கு மேலும் காட்டும், ஏனெனில் கரைப்பானின் 7.26 முகடு வளைய முகடுகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மாதிரியின் செறிவை இரட்டித்து மீண்டும் எடுத்தால் மிகைப் பரப்பின் பங்கு குறையும். பொருளுடைய முகடுகள் செறிவோடு வளர்கின்றன, கரைப்பானுடையது வளர்வதில்லை என்பதை அவர்களே காண்பார்கள். இதற்குப் பிறகும் விகிதம் சரியாக வராவிட்டால், துடிப்புகளுக்கு இடையிலான காத்திருப்பு நேரத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓய்வுநிலைக்குத் திரும்பும் புரோட்டான்கள் குறுகிய காத்திருப்பில் தம் முழுப் பரப்பையும் காட்டுவதில்லை.

அமிலப் புரோட்டான் காணவில்லை

படம் 0 முதல் 10 வரை மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்பாக்சிலிக் அமிலத்தின் முகடு பெரும்பாலும் 11, 12 அருகே அகன்று தாழ்வாக நிற்கும். என்எம்ஆர் கருவி இல்லாத கல்லூரிகள் வெளியே அனுப்பி எடுத்து வரும்போது, அச்சிட்ட தாளோடு நில்லாமல் எஃப்ஐடி கோப்பையும் (கருவி பதிந்த மூலத் தரவு) கேட்டு வாங்க வேண்டும். அப்போதுதான் மாணவர்கள் எல்லையை விரித்துப் பார்க்கவும், தொகையீட்டைத் தாங்களே செய்யவும் முடியும். முகடு கிடைத்தபின் குழாயில் ஒரு துளி கனநீர் சேர்த்துக் குலுக்கி மறுபடி எடுத்தால் அது மறையும். இந்த ஒரு துளிச் சோதனை தரும் மகிழ்ச்சியை எந்த விரிவுரையும் தருவதில்லை.

முகடுகள் எல்லாம் அகன்று கிடக்கின்றன

டிஎம்எஸ் (சுழிக் குறியாகச் சேர்க்கும் டெட்ராமெத்தில்சிலேன்) முகடும் சேர்ந்து அகன்றிருந்தால் காந்தப்புலம் சீராக இல்லை: ஷிம்மிங்கைத் திரும்பச் செய்யவும், குழாயில் திரவம் நான்கைந்து சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதா, மிதக்கும் துகள் உண்டா என்று பார்க்கவும். டிஎம்எஸ் கூர்மையாக இருந்து ஒரே ஒரு முகடு மட்டும் அகன்றிருந்தால் அது பரிமாறிக்கொள்ளும் புரோட்டானாக இருக்கலாம். மேலே சொன்ன கனநீர்த் துளி அதை உறுதி செய்யும்.

முகடுகளின் பிளவு புத்தக விதிக்குப் பொருந்தவில்லை

60 அல்லது 80 மெகாஹெர்ட்ஸ் மேசைக் கருவிகள் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கிய பின் இந்தக் குறை அதிகம் கேட்கிறது. டொலுயிக் அமிலத்தின் வளையப் புரோட்டான்கள் 7.99, 7.27 ஆகிய இடங்களில் உள்ளன. இடைவெளி 0.72 பிபிஎம், 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது 288 ஹெர்ட்ஸ், 60 மெகாஹெர்ட்ஸில் 43 ஹெர்ட்ஸ் மட்டுமே. கப்ளிங் மாறிலியோ (அண்டைப் புரோட்டான்களால் முகடு பிளவுபடும் இடைவெளி) எந்தக் கருவியிலும் மாறாமல் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். இடைவெளி அந்த மாறிலிக்கு நெருங்கும்போது டப்ளெட்டின் உட்பக்கக் கோடுகள் உயர்ந்து வெளிப்பக்கக் கோடுகள் தாழ்ந்து, கூரைபோல் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. ஃபீனைல் அசிட்டேட்டின் வளையப் புரோட்டான்களோ 7.08-க்கும் 7.37-க்கும் இடையில், அதாவது 60 மெகாஹெர்ட்ஸில் வெறும் 17 ஹெர்ட்ஸுக்குள் அடைபட்டிருப்பதால் சிக்கலான ஒரே குவியலாகத் தெரியும். மாணவரின் வாசிப்பில் இங்கே தவறில்லை. அண்டைப் புரோட்டான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பிளவுக் கோடுகளைக் கணிக்கும் விதி பொருந்தும் எல்லை முடிந்துவிட்டது. பிபிஎம் இடைவெளியை ஹெர்ட்ஸாக மாற்றி மாறிலியால் வகுத்துப் பார்க்கச் சொன்னால், விதியின் எல்லையை அவர்களே வரைந்துகொள்வார்கள்.

எட்டு கார்பனுக்கு ஆறு கோடுகள்

கார்பன்-13 படத்தை எடுத்துவந்து மாதிரி தவறு என்று சொல்வார்கள். 77 அருகே சம உயரமுள்ள மூன்று கோடுகளையும் எண்ணிக்கையில் சேர்த்து, எட்டைத் தாண்டி ஒன்பது என்றும் சொல்வார்கள். அவை கரைப்பானுடையவை, ஆகவே முதலில் வெறும் கரைப்பானின் படத்தோடு ஒப்பிடட்டும். மீதமுள்ள ஆறுக்குக் காரணம் சமச்சீர். பந்து-குச்சி மாதிரியை மாணவர் கையில் கொடுத்து, வளையத்தை அதன் அச்சில் அரைச்சுற்று சுற்றச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கார்பன்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர்கின்றன என்பது விரல்களுக்குத் தெரிந்துவிடும். ஐந்து கோடுகள் மட்டும் வந்திருந்தால் கார்பனைல் கார்பன் அடிக்கோட்டில் புதைந்திருக்கக்கூடும். ஹைட்ரஜன் இல்லாத கார்பன்கள் மெதுவாக ஓய்வடைவதாலும், அருகிலுள்ள புரோட்டான்களால் கிடைக்கும் வலுவூட்டம் அவற்றுக்கு இல்லாததாலும் தாழ்வாகவே வரும். காத்திருப்பு நேரத்தையும் பதிவுகளின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும்.

பெயர் சரியாக இருக்கிறது, காரணம் இல்லை

மென்பொருளின் நூலகத் தேடலில் முதலில் வந்த பெயரையோ, சென்ற ஆண்டு மாணவர் சொன்ன பெயரையோ எழுதிக் கொடுக்கும் குழு இருக்கவே செய்யும். அறிக்கையின் அமைப்பை மாற்றினால் இது பெருமளவு குறைகிறது. தன் புட்டியில் இருப்பது இன்னது என்பதற்கு மதிப்பெண் சிறிதாகவும், மற்ற நான்கும் ஏன் இல்லை என்பதற்கு, ஒவ்வொன்றையும் நீக்கும் ஒரு பட்டை அல்லது முகட்டைச் சுட்டிக்காட்டுவதற்கு மதிப்பெண் பெரிதாகவும் வைக்க வேண்டும். 3.91-இல் மெத்தில் முகடு இருப்பதால் ஃபீனைல் அசிட்டேட் விலகுகிறது, 9.88-இல் ஒன்றும் இல்லாததால் அனிசால்டிஹைடு விலகுகிறது என்று எழுதும் குழு நிறமாலையை உண்மையாகவே வாசித்திருக்கிறது. திண்மங்களுக்கு உருகுநிலையையும் கேட்கலாம்: ஃபீனைல் அசிட்டிக் அமிலம் 76-77 டிகிரியிலும், டொலுயிக் அமிலம் 180 டிகிரி அருகிலும் உருகுவதால், நிறமாலைக்கு வெளியே நின்று விடையைச் சோதிக்க இது ஒரு தனிச் சான்றாகும். புட்டிகளின் எண்களை ஒவ்வொரு பிரிவுக்கும் மாற்றி ஒட்டுவதோடு, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டு, அதே வாய்பாடு கொண்ட நான்கு-ஹைட்ராக்சி அசிட்டோஃபீனோனைச் சேர்ப்பதும் நல்லது. கீட்டோனும் ஃபீனாலும் ஒரே மூலக்கூறில் அமைந்த அந்தப் புட்டி, பழைய பட்டியலை மனப்பாடம் செய்து வந்தவர்களையும் மறுபடி கரும்பலகை அட்டவணைக்கே அழைத்து வரும்.